கேட் மூடித்தான் இருந்தது

மும்பை குர்லாவில் நான் வேலை பார்த்த லேத் பட்டறைக்குப் போக ஒரு ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். அன்று காலை கேட் இறங்கியிருந்தது. தாராவியிலிருந்து என்னோடு வந்த அண்ணன், பட்டறையில் எனக்கு மூத்தவர், நின்றுவிட்டார். நான் குறுக்குக் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்தேன்.

“வாங்கண்ணே, வண்டி தூரத்துலதான் வருது.”

நான் ஒரு லைனைத்தான் பார்த்திருந்தேன். என் பின்னாலேயே குனிந்து வந்தவரை அடுத்த லைனில் வந்த வண்டி அடித்துத் தள்ளியது.

ரயில்வே போலீஸ் வருவதற்குள் கூட்டம் கேட்மேனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டது. வண்டி போன பிறகுதான் கேட்டை இறக்கினான் என்று நாலைந்து பேர் கத்தினார்கள். கேட்மேனின் உதடு கிழிந்திருந்தது. அண்ணனை ஸ்ட்ரெச்சரில் அனுப்பிய சப்-இன்ஸ்பெக்டர், ரத்தமாயிருந்த என் கைகளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“கேட் பந்த் தா யா குலா?”

மூடியிருந்ததா, திறந்திருந்ததா? கூட்டம் என்னையே பார்த்தது. திறந்திருந்தது என்று சொன்னால் அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் வம்பில்லை. மூடித்தான் இருந்தது, நானும் குனிந்துதான் போனேன் என்று இந்தியில் சொன்னேன். பின்னாலிருந்து யாரோ என் பிடரியில் ஓங்கி அடித்தார்கள். கான்ஸ்டபிள் லத்தியை நீட்டி விலக்கினார்.

போலீஸ் ஸ்டேஷனில் மராத்தியில் வாக்குமூலம் எழுதினார்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன். கேட்மேனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூடிய கேட்டைத் தாண்டியதற்கு என்மேல் வழக்குப் பதிந்தார்கள். அண்ணனை நான் கூப்பிட்டது மட்டும் வாக்குமூலத்தில் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

“அவிய கேட்டுக்கு அடியில குனிஞ்சு போற ஆளே இல்லியே தம்பி. எப்படிப் போனாவ?”

“நாந்தான் கூப்பிட்டேன், மதினி.”

வார்டுக் கதவைக் கை காட்டினார். “எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? உள்ள முழிச்சுத்தான் இருக்காவ. அவியகிட்டயே சொல்லுங்க.”

உள்ளே போனேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சொன்னேன்.

“நீ கூப்பிட்ட, நான் வந்தேன். எனக்கும் நேரமாச்சுல்லா” என்றார் அண்ணன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, “இப்பம் நீ இங்க நிக்காத, போ” என்றார்.

ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் மதினிதான் போன் செய்தார். கட்டு மாற்றும்போது அவரைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமாம். அண்ணன்தான் என்னைக் கூப்பிடச் சொன்னாராம்.