தாயம்மாள் ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலம்

தாயம்மாள் டெல்லி துவாரகாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடம் வார்டு உதவியாளராக இருந்தவர். படுக்கை விரிப்பு மாற்றுவதும் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பதும் அவர் வேலை. திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது எட்டாம் வகுப்புத் தமிழ் மட்டும்தான் தெரியும். இந்தி பேசப் பழகிக்கொண்டார். எழுத வராது.

நாற்பத்து மூன்று வயதில் இடுப்பு வலி வந்தது. ஆங்கிலம் எழுதத் தெரிந்தால் உட்கார்ந்து பார்க்கும் வார்டு கிளார்க் வேலைக்கு மனு போடலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ ஏறி மயூர் விஹார் போகத் தொடங்கினார். அங்கே கனிமொழி என்ற கல்லூரிப் பெண் தன் வீட்டு ஹாலில் ஆறேழு பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். ஐந்து வாரத்தில் நிகழ்காலம் முடிந்தது. ஐ கோ, ஷி கோஸ். கடைசியில் வரும் அந்த 'எஸ்' எல்லோரையும் படுத்தியது. தாயம்மாள் மட்டும் அதை ஒரு தடவைகூட விட்டதில்லை.

அந்த மார்ச்சில் ஒரு பிற்பகல், அவர் வார்டில் ஒரு முதியவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. நர்ஸ் மாதங்கி அப்போது வராந்தாவில் இருந்தாள். வேறொரு நோயாளிக்கு மூச்சு முட்ட, வார்டு போன் வேலை செய்யாததால், தன் செல்போனில் டாக்டரைக் கூப்பிட வெளியே ஓடியிருந்தாள். மூச்சு முட்டியவருக்கு ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்த தாயம்மாளால் நகர முடியவில்லை. இரண்டே நிமிடம்.

விசாரித்த அதிகாரி அர்விந்த், இந்தியில் சொன்னால் ஆள் வைத்து எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

"நானே எழுதுறேன் சார். இங்கிலீஷ்லயே," என்றார் தாயம்மாள்.

சிஸ்டர் கோஸ் அவுட்சைட். ஷி டாக்ஸ் ஆன் தி போன். நோபடி சீஸ் தி பேஷன்ட். மூச்சு முட்டியதற்கு ஆங்கிலம் தெரியவில்லை. அதை விட்டுவிட்டார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தார். கையெழுத்துப் போடும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து மாதங்கியை வேலையிலிருந்து நீக்கினார்கள். சாமான்களை எடுக்க வந்தவள் லாக்கர் அறையில் தாயம்மாளைப் பார்த்தாள்.

"நான் தினமும் வார்டை விட்டுட்டு போன் பேசறேன்னு ஏன்கா எழுதினீங்க?"

"ஐயோ, நான் எங்கம்மா அப்படி எழுதினேன்? அன்னைக்கு நடந்ததத்தான எழுதினேன்!"

மாதங்கி தன் போனில் இருந்த நகலைக் காட்டினாள். "கோஸ், டாக்ஸ்னா வழக்கமா செய்யறது அக்கா. அன்னிக்கு மட்டும்னா வென்ட், டாக்ட்னு வரணும். தப்பும் தவறுமா எழுதியிருந்தா, பாவம், தெரியாம எழுதிட்டாங்கன்னு விட்டிருப்பாங்க. இதுல ஒரு கல்தி, ஒரு பிழைகூட இல்ல. அப்படியே நம்பிட்டாங்க. டாக்டரைத்தான் கூப்பிட்டேன்னு நான் சொன்னது எடுபடல."

தாயம்மாள் நகலை இன்னொரு தடவை படித்தார். தமிழில் அவர் ஒரு நாளும் 'போனாள்' என்பதைப் 'போகிறாள்' என்று சொன்னதில்லை.

ஞாயிறு வரை அவரால் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே மயூர் விஹார் போய், வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

"நீங்க சொல்லுங்க ஆன்ட்டி, நான் எழுதித் தர்றேன்," என்றாள் கனிமொழி.

"நீ எழுதினா யாரோ எழுதிக் குடுத்ததுன்னு தள்ளிடுவாங்க. முடிஞ்சுபோனத எப்படி எழுதுறதுன்னு மட்டும் சொல்லிக் குடு."

டாக் டாக்ட் ஆனது புரிந்தது. கோ எப்படி வென்ட் ஆகும் என்று புரியவேயில்லை. புரியாமலே நாற்பது தடவை எழுதிப் பார்த்தார். மூச்சு முட்டுவதற்கான வார்த்தையையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் புதிய தாளைப் படித்த அர்விந்த் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பெண்ணும் மதராசி, நீங்களும் மதராசி. இப்போது மாற்றி எழுதுகிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார்.

தாயம்மாளும் இந்தியிலேயே பதில் சொன்னார். "அன்றைக்கு எழுதியதுதான் தப்பு சார். என் தப்பு. அவள் டாக்டரைத்தான் கூப்பிட்டாள். டாக்டர் போனில் நேரத்தைப் பாருங்கள்."

பார்த்தார்கள். நேரம் சரியாக இருந்தது. ஆனாலும் மாதங்கியைத் திரும்ப எடுக்கவில்லை. நர்ஸை நீக்கிவிட்டோம் என்று முதியவரின் குடும்பத்துக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பணிநீக்கத்தை ரத்து செய்து, தானே விலகியதாகக் கடிதமும் குறையில்லாத அனுபவச் சான்றிதழும் கொடுத்தார்கள். அவள் நொய்டாவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். தாயம்மாளை விரிப்புகள் மடித்து வைக்கும் துணி அறைக்கு மாற்றினார்கள். மாதங்கிக்கு மூன்று முறை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

அந்த வருடம் கிளார்க் வேலைக்கு அறிவிப்பு வந்தபோது தாயம்மாள் மனு போடவில்லை. வகுப்பை மட்டும் விடவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மெட்ரோவின் பெண்கள் பெட்டியில் நர்ஸ் சீருடையோடு மாதங்கி உட்கார்ந்திருந்தாள். தாயம்மாள் கதவோரமே நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாதங்கி பையை மடியில் எடுத்து வைத்து, பக்கத்தில் இடம் விட்டாள். தாயம்மாள் போய் உட்கார்ந்தார்.

"என்ன மன்னிச்சிடும்மா," என்றார்.

மாதங்கி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். யமுனைப் பாலம் தாண்டி மயூர் விஹார் வந்தது. தாயம்மாள் எழுந்தார்.

"பார்த்துப் போங்கக்கா," என்றாள் மாதங்கி.