தொடக்கூடாத கால்

துர்கா பூஜைக்குப் புது ஷூ போடாதவன் கொல்கத்தாக்காரனே இல்லை என்பது என் கணவரின் கட்சி. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த வீம்பு போகவில்லை. சென்ற ஆண்டு கரியாஹாட் கடைவீதியில் வாங்கிய ஷூ அவர் இடது காலைக் கடித்தது. அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை நோயால் பாதங்கள் மரத்துப்போய் வெகுகாலமாகிறது. காலுறையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன்.

விஜயதசமியன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணைக் கீறிச் சுத்தம் செய்து மருந்து ஏற்றினார்கள். ஒரு வாரமாகியும் சீழ் நிற்கவில்லை. பிறகு அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் மேலங்கியும் கையுறையும் போட வேண்டும். வெளியே வரும்போது கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். மருந்துகளுக்கு மசியாத கிருமி என்றார்கள். அடங்காவிட்டால் கணுக்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் சர்ஜன்.

எனக்கு அந்தக் கிருமியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தது. என் சுபாவம் அப்படி. லேப் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

ஒரு வட்டத் தட்டு முழுக்க அவர் புண்ணிலிருந்த கிருமி. அதன்மேல் மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகள். மருந்து பலித்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்றிடம் விழுமாம். இங்கேயோ இலையில் ஊறுகாயை ஒட்டிச் சோறு கிடப்பதுபோல் அநேகமாக எல்லாப் பொட்டையும் ஒட்டி வளர்ந்திருந்தது. ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம். அந்த மருந்தைத்தான் தொடங்கியிருந்தார்கள்.

இவருக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். இந்தக் கிருமி பெரும்பாலும் கை மாறித்தான் போகும் என்றார். காலிலிருந்து கட்டில் கம்பிக்கு, கம்பியிலிருந்து ஒரு கைக்கு, அங்கிருந்து அடுத்த கட்டிலுக்கு. இவருக்கும் யாரோ ஒருவரின் கழுவாத கை கொண்டுவந்திருக்கலாம். அதற்குப் பிறகு நான் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுப் பெண் வந்தாள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், அவரை மேஷோ, அதாவது பெரியப்பா என்று கூப்பிடுவாள். தசமி கழிந்தால் இங்கே சிறியவர்கள் பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவார்கள், தீபாவளியன்று வரும் காளி பூஜை வரைக்கும். மேலங்கியை மாட்டியவள் கையுறையை மறந்துவிட்டு நேரே குனிந்தாள்.

"தொடாதே!" என்று தமிழிலேயே அலறினேன். தமிழ் தெரியாத பெண், அப்படியே நின்றுவிட்டாள்.

"விடு, வெட்டப்போற காலுக்கு எதுக்கு நமஸ்காரம்?" என்று அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் வங்காள மொழியில் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாசலுக்கே போய்க் கைகூப்பினாள். "மேஷோ, அடுத்த வருஷம் வீட்டுக்கு வந்து தொடறேன்" என்றாள்.

அந்த ஒரு மருந்து கைவிடவில்லை. சுண்டுவிரல் போயிற்று, கால் தங்கியது.

இந்த வருஷம் தசமி கழிந்த மறுநாளே அவள் படியேறி வந்தாள். யாரும் சொல்லாமலே கை கழுவிவிட்டுக் குனிந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் தலையில் கை வைத்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தொட்டாளா?"

"தொட்டா. ரெண்டு காலையும்" என்றேன்.