வாடை போயிருச்சுங்களா?

காய்ந்த கூடாரக் கித்தானை மடிக்கும் முன் தெய்வாத்தாள் அதன் ஒரு முனையைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போவாள். கட்டிலில் கிடக்கும் கணவர் திருமூர்த்தியின் மூக்கருகே அதை நீட்டிவிட்டு, வாத்தியார் முன் நிற்கும் பிள்ளையைப் போல நிற்பாள். துடியலூரில் அந்தத் தெருவார் பல வருஷங்களாகப் பார்த்துவந்த காட்சி இது.

அவளுக்கு வாசனை தெரியாது. ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்த வருஷம், அந்தக் காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டு மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலோ நாற்றம் போக்குவது. கோயமுத்தூரில் கூடாரங்களை வாடகைக்கு விடும் கோவிந்தராஜுலு நாயுடு, வால்பாறைக் காடுகளிலிருந்து திரும்பும் கித்தான்களை வண்டியில் ஏற்றி அவளிடம் அனுப்புவார். மழையில் பூஞ்சணம் பிடித்தவை, சீமெண்ணெய் குடித்தவை, துரைமாரின் நாய் படுத்துப் புரண்டவை. உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, புளித்த கஞ்சித் தண்ணீரில் அலசி, பாறையில் விரித்து இரு பக்கமும் வெயில் காட்டுவாள். கை அவளுடையது, மூக்கு அவருடையது.

அவரும் மலையில் அந்தக் கூடாரங்களை அடித்தவர்தான். ஒரு மரம் மேலே சாய்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

"ஏனுங்க, வாடை போயிருச்சுங்களா?"

"எங்க போச்சு? நாய் இன்னும் உள்ளதான் படுத்திருக்குது. மறுக்கா ஊறப்போடு அம்மணி."

"போன வாட்டியும் இதையேதான் சொன்னீங்க."

"நாய் எந்திரிக்காட்டி நான் என்ன பண்ணட்டும்? மூக்கில்லாதவளைக் கட்டுனதுல ஒரு சௌகரியம், என்ற ஒடம்பு வாடை உனக்குத் தெரியாது."

அவள் சிரித்துக்கொண்டே தொட்டிக்குத் திரும்புவாள்.

போன ஐப்பசியில் வண்டி கொள்ளாமல் கித்தான் வந்தது. மழை விட்ட நேரமெல்லாம் அவள் பாறையிலேயே கிடந்தாள். அவரைப் புரட்டித் துடைத்துவிடுவது அவளுடைய வேலை. அந்த நாட்களில், "பக்கத்தூட்டு அங்கப்பன் வந்து தொடச்சு உட்டுப்போட்டான். நீ வேலையப் பாரு" என்றார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்."

கித்தான் முனையை நீட்டியபோதெல்லாம், எது போயிற்று, எது போகவில்லை என்று சரியாகவே சொன்னார்.

சரக்கைப் பார்க்க ஒருநாள் நாயுடு வந்தார். வாசற்படியில் கால் வைத்தவர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "ஏனம்மா, உள்ள என்ன செத்துக் கெடக்குது?"

"கித்தானெல்லாம் வெளியிலதானே இருக்குதுங்க?" என்றாள் தெய்வாத்தாள். சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடி அவரைப் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் அழுகி எலும்புவரை போயிருந்தது. அங்கப்பன் ஒருநாளும் வந்ததில்லை. தேங்காய் வெட்டுக்கு உடுமலைப்பேட்டை போனவன் இன்னும் திரும்பவே இல்லை.

"உங்களுக்குமா தெரியலீங்க?"

துவைத்த துணிக்குள் நாயைக் கண்டுபிடிக்கிறவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெரிஞ்சுது அம்மணி. சொன்னா வேலையப் போட்டுப்போட்டு என்ற பக்கத்துலயே உக்காந்துக்குவே."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் கார்த்திகையைப் பார்க்கவில்லை.

அவர் படுத்திருந்த கம்பளியை எரித்துவிடச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. வெயில் அடிக்கிற நாளெல்லாம் அதை உவர்மண்ணில் ஊறவைத்துத் தேய்க்கிறாள். காய்ந்ததும் அதன் முனையைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுச் சாமியாத்தாளிடம் போகிறாள்.

"வாடை போயிருச்சா கண்ணு?"

"எப்பவோ போயிருச்சுங்க்கா. வெயில் வாசந்தான் அடிக்குது."

"அவரும் நல்லாத்தான் இருக்கறேன்னு சொன்னாரு" என்று முனகிக்கொண்டே திரும்பி நடக்கிறாள்.

நாயுடுவின் வண்டி இப்போதும் வருகிறது. கித்தானைச் சாமியாத்தாள்தான் முகர்ந்து சொல்கிறாள். அவள் பேச்சை நம்பித் தெய்வாத்தாள் மடித்துவைக்கிறாள். கம்பளி மட்டும் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது.