அளவு ஜாக்கெட்டில் அடங்காத கை

பள்ளிக்கூடம் முடித்தபோது என் வலது கை இடது கையைவிடப் பருமனாக இருந்தது. அம்பத்தூரில் படித்த காலத்தில் நான்கு வருஷம் விளையாட்டு மைதானத்தில் இரும்புக் குண்டு எறிந்ததால் வந்த பருமன் அது. ஆரம்பித்தபோது மற்றப் பெண்களைப் போலத்தான் இருந்தேன். பத்தாம் வகுப்பில் தோள் அகன்றுவிட்டது. தாடைக்குக் கீழே, குண்டை அழுத்திப் பிடிக்கும் இடத்தில், கழுத்துத் தோல் கறுத்துத் தடித்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பயத்தமாவைக் குழைத்து அந்த இடத்தில் தேய்ப்பாள். நிறம் போகவில்லை, எரிச்சல்தான் மிஞ்சியது.

மைதானத்தில் இருக்கும்வரை அந்த உடம்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை. குண்டு கையை விட்டுப் போகும் அந்த நொடியில், என்னைவிட அழகானவள் பள்ளியிலேயே இல்லை என்று தோன்றும். வாசல் கேட்டைத் தாண்டியதும் அதே உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாது. புத்தகப் பையை வலது தோளில் மாட்டிக் கையை மறைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

ஜாக்கெட் தைப்பது பெரிய பாடு. தையல்காரர்கள் உடம்பை அளப்பதில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால், நடுவில் இரண்டாக மடித்துப் போட்டு மேலே தெரியும் பக்கத்தை மட்டும் அளப்பார்கள். அது எப்படியோ ஒவ்வொரு முறையும் இடது பக்கமாகவே அமைந்துவிடும். வலது கை பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அந்தக் கையின் தையலை மட்டும் பிரித்துத் தளர்த்துவோம். "வலது கையையும் அளந்துக்குங்க" என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பருமனை நானே வாய்விட்டுச் சொல்வதா என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று முழங்கை வரை நீண்ட ஜாக்கெட். முந்தானையை இழுத்து வலது தோளைச் சுற்றிப் போர்த்தினாள் அம்மா. "குண்டு போட்டத வாயத் தொறந்து சொல்லிடாதடி. ஆம்பளப் புள்ள மாதிரின்னு எழுந்து போயிடுவாங்க."

"பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டார்கள்.

"கோலம் போடுவேன்" என்றேன்.

கல்யாணமாகி ஆவடியில் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அவரிடம் முதல் வாரமே சொல்லியிருக்கலாம். முதல் வாரம் சொல்லாததை முதல் மாதம் சொல்வது கடினமாகிவிட்டது. இரண்டு வருஷம் போய்விட்டது. மகள் பிறந்தாள். இனி எப்படிச் சொல்வது? இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்டால்?

பொங்கலுக்குப் பிறகு தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு ஒரு விளையாட்டு விழா நடக்கும். பெண்களுக்கு லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர் இரண்டும் உண்டு. அந்த வருஷம் குண்டு எறிதலையும் சேர்த்திருந்தார்கள். எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா, பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவள், வாசலில் நின்றே கத்தினாள்.

"இன்னாமா, பொம்பளைங்க குண்டு போடணுமாம்! நான் பேரு குட்த்துட்டேன். நீயும் வா."

"ஐயோ, எனக்கு வராதுக்கா."

"யாருக்குமா வருது? தண்ணி கொட்த்த தூக்கிகினு வர்ற கைதான? சும்மா வா. கொயந்தைய நான் பாத்துக்கறேன்."

வராது என்று சொன்ன வாயை என்ன செய்வது? கதவைச் சாத்தினேன். உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்துத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு, சமையலறையில், குண்டு எறியும்போது செய்வதைப் போல, பின்பக்கமாக ஒரு வழுக்கு வழுக்கித் திரும்பினேன். கால்கள் மறக்கவில்லை! தரையில் உட்கார்ந்திருந்த மகள் கைதட்டிச் சிரித்தாள். இன்னொரு முறை செய்தேன். மறுபடியும் சிரித்தாள். உடனே பயம் வந்துவிட்டது. பத்து மாதக் குழந்தை, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். உடம்பு சூடேறினால் பாலும் சூடாகிப் பிள்ளைக்கு ஆகாது என்பார்களே? தேங்காயைப் பழைய இடத்தில் வைத்தேன்.

அந்த வாரம் கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் போனேன். பிள்ளை பெற்ற பிறகு பழைய ஜாக்கெட் எதுவும் சேரவில்லை. அதனால் முதல்முறையாக டேப் வைத்து உடம்பிலேயே அளக்கச் சொன்னேன். எப்படித் தைரியம் வந்ததோ, "ரெண்டு கையையும் அளந்துக்குங்க, வலது கை கொஞ்சம் பெருசு" என்றேன். அவர் இரண்டையும் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"இன்னாமா பெர்சு? ரெண்டும் ஒரே அளவுதான் கீது."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை அது! ஆனால் எனக்குப் பகீர் என்றது. பிள்ளையை இடது இடுப்பில் தூக்கித் தூக்கி இடது கை பருத்திருக்கும். வலது கை இளைத்திருக்கும். என்னுடையது என்று இருந்த ஒன்று, நான் ஒளித்து வைத்திருந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதா? கடையிலிருந்து நேராக விழா நடத்துகிறவர்களிடம் போய்ப் பெயர் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வரும் வழியெல்லாம் தப்பு செய்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

விழா அன்று பார்த்தால், குண்டு விழும் இடத்தில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என் கணவர்! தொண்டர்களில் அவரும் ஒருவர்.

"லெமன் ஸ்பூன் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார்.

"இதுக்குத்தாங்க பேர் குடுத்திருக்கேன்."

"இதுக்கா? பாத்து, கால்ல போட்டுக்காத."

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. மற்றவர்கள் இரண்டு கையாலும் தூக்கிப் போட்டார்கள். நானும் முதல் முறை அப்படியே போட்டேன். அவர் பார்க்கிறாரே என்ற கூச்சம். காலடியில் விழுந்தது. இரண்டாவதும் அதே கதி. என் மகளை இடுப்பில் வைத்திருந்த அக்கா கூவினாள்: "இன்னாமே, பூசணிக்கா ஒடைக்கிறியா?" எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவதையும் இப்படிப் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. இன்னும் இருபது வருஷம் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கலாம்.

முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகினேன். செருப்பைக் கழற்றினேன். குண்டைக் கழுத்தில் வைத்ததும் அந்தச் சில்லிப்பு உடம்பு முழுக்க இறங்கியது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். "ஏம்மா, இந்தப் பக்கம் திரும்பு" என்று யாரோ சொன்னார்கள். குனிந்தேன், வழுக்கினேன், திரும்பினேன். குண்டு போயிற்று.

போய்க்கொண்டே இருந்தது! மற்றக் குண்டுகள் விழுந்த இடத்தருகே நின்ற என் கணவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் துள்ளி ஒதுங்கினார். அவருக்கும் பின்னால் போய் மண்ணில் புதைந்தது. அக்கா என் மகளைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். அவர் இரண்டு முறை அளந்தார். எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பள்ளியில் இதைவிட ஒன்றரை மீட்டர் கூடுதலாகப் போட்டவள் நான். ஆனால் அன்றைக்கு என் கால் தரையிலேயே படவில்லை.

குண்டைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"இது தெரியாம விழுந்ததில்ல."

"இல்லீங்க. ஸ்கூல்ல நாலு வருஷம் போட்டேன். மாவட்டப் போட்டிக்கெல்லாம் போயிருக்கேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மா வேணாம்னாங்க. அப்புறம் எனக்கே பயமாயிடுச்சு."

"எதுக்குப் பயம்?"

வலது கையை நீட்டினேன். "இதுக்கு."

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமா, வருத்தமா? கடைசியில் குண்டை என் கையில் வைத்தார்.

"இன்னொரு தடவை போடு."

"மூணும் முடிஞ்சிடுச்சுங்க."

"போட்டிக்கு இல்ல. நான் குனிஞ்சு டேப்பச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். குண்டு வந்ததத்தான் பாத்தேன், நீ போட்டதப் பாக்கல."

மறுபடியும் வட்டத்துக்குள் நின்றேன். அவர் ஓடிப்போய் முதலில் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னும் தள்ளி நில்லுங்க!" என்று கத்தினேன்.