கேரட் சாக்கில் வந்த காமன் பாட்டு

வாசகர்களே, பேச்சுப்போட்டி மேடையில் நடுவர்களை விளித்தே பழகிய நான், இன்று உங்களைச் சாட்சிகளாக விளிக்கிறேன்.

தேயிலை விலை விழுந்து, குந்தா பக்கத்து எங்கள் எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள்கூட வேலை இல்லாத காலம் அது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு ஒருவராகத் திருப்பூருக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்தபோது எங்கள் பெரியவர்கள் கூடவே கொண்டுவந்த மாசி மாதக் காமன் கூத்தும் ஆடுவதற்கு ஆளின்றி நின்றுபோனது.

கடைசியாக நடந்த கூத்தின் பாட்டுகளை என் அக்கா பதிவுசெய்து எங்கள் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தாள். பனியன் கம்பெனிக்கு அவளும் புறப்பட வேண்டி வந்தபோது, அந்தக் கம்ப்யூட்டரைப் பிக்கட்டியைச் சேர்ந்த ஒரு கேரட் விவசாயிக்கு விற்றோம். பாட்டுகளை அவளுடைய செல்போனுக்கு மாற்றிவிட்டதாகவே நம்பியிருந்தோம். கிளம்பும் நாள் காலையில் போனைத் திறந்தால் தொகுப்பின் பெயர் இருந்தது. பாட்டு ஒன்றுகூட இல்லை. பாட்டுகளை விட்டுவிட்டு, அவற்றைத் திறக்கத் திரையில் இருந்த ஷார்ட்கட்டை மட்டும் இழுத்துப் போட்டிருக்கிறோம்!

அக்கா பையை மூடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வாங்கினவங்க மொத வேலையா எல்லாத்தையும் அழிச்சிருப்பாங்கடா" என்றாள்.

நான் அந்த விவசாயிக்குப் போன் செய்தேன். அக்கா எந்த பஸ்ஸில் போகிறாள் என்று மட்டும் அவர் கேட்டார். மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் காத்திருக்க, கேரட் சாக்கில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் சுமந்தபடி வந்து இறங்கினார். பக்கத்துச் செல்போன் கடை மானிட்டரில் அதை இணைத்தோம். அக்கா ஏற வேண்டிய கோயம்புத்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போனில் ஏறின.

எங்கள் பாட்டுகள் அடைத்துக்கொண்டதில், மகளின் பாடங்களை ஏற்ற இடம் போதாமல் அவர் வீட்டில் தினமும் சண்டையாம். பிறகு ஏன் அழிக்கவில்லை என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணப் போட்டுக் கேட்டனுங்க. புருசனப் பறிகொடுத்தவ அழுகுற மாதிரி இருந்துச்சு. யாரோ ஊட்டுத் துக்கம். அத அழிக்க நான் யாருங்க?"

அது, காமன் எரிந்தபின் ரதி பாடும் ஒப்பாரி. மீசையை எடுத்துவிட்டு ரதி வேடம் கட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா என்று அக்கா சொன்னதும், விவசாயி அவளை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அட, அந்த மீசைக்காரருக்காகவா எம்புள்ளகிட்ட இத்தன திட்டு வாங்கினேன்?"

அக்கா சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் அழுகைக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த அந்த மனிதரை, நான் கேட்ட எந்தப் பேச்சாளரைவிடவும் உயர்ந்தவராகவே இன்றும் மதிக்கிறேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். பழகிய அடுக்குமொழி எதுவும் வரவில்லை. வந்த சொற்களைப் பஸ் ஸ்டாண்டே கேட்கும்படி சொன்னேன்:

"போன ஆளுகளையெல்லாம் கூட்டி மறுபடியும் கூத்துப் போடுவோங்க. ரதி அழுகுறப்ப முன்வரிசையில நீங்க இருக்கணும்."