அடுத்த வரியில் சேர்ந்த புரதம்

விடுமுறைக்கு ஊர்காவற்றுறைக்கு வந்தும் வேலை என்னை விடவில்லை. நான் ஆராயும் பற்றீரியாப் புரதம் எந்த நொதியம், அதாவது எந்த என்சைம், என்று அறியாவிட்டால், ஆய்வு அத்துடன் நின்றுவிடும். சீனியை உடைக்கும் நொதியம் ஒன்றின் அமினோவமில வரிசையை எழுத்துகளாக ஒரு கடதாசிக் கீற்றில் எழுதி, அதன்கீழ் என் புரதத்தின் வரிசை எழுதிய இன்னொரு கீற்றை வைத்தேன். தொடக்கம் பொருந்தியது, பின்னர் எதுவும் பொருந்தவில்லை.

"இது வேறை ஏதோ, அக்கா. இனி ஏலாது."

அக்கா குசினியிலிருந்து வந்து பார்த்துச் சிரித்தார். "செபமாலை சொல்லேக்க நித்திரையாகி ஒரு வரியை விட்டாலும், அடுத்த வரியில எங்களோட சேருறனீதானே. இதுகும் இடையில நித்திரையாகியிருக்கும்."

என் புரதத்தில் இடையில் சில எழுத்துகள் விடுபட்டிருக்கலாம் என்று, பொருத்தம் முறிந்த இடத்தில் கீழ்க் கீற்றை வெட்டி, சிறிது இடம் விட்டு மிச்சத்தை நகர்த்தினேன். எழுத்துகள் மீண்டும் வரிசையாகப் பொருந்தின. அந்த நொதியமேதான்.

இன்றும் இரண்டு வரிசைகள் இடையில் முரண்பட்டால் நான் உடனே கைவிடுவதில்லை. சற்று இடம் விட்டுக் காத்திருக்கிறேன்.