கம்பி கட்டிய மூடி

பழைய கார்களைப் பற்றி நான் பார்க்காத வீடியோ இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எங்கள் வண்டியின் அசல் நிறத்தை நானே மீட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொன்னேரி வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் கார் அம்மாவின் அப்பா வாங்கியது. அதன்பிறகு நீலம், சிவப்பு, கடைசியில் வெள்ளை என்று பெயின்ட் மாறிவிட்டது.

"நான் சின்னதா இருக்கசொல்ல இருந்த கலர்ல அத ஒருவாட்டி பாத்துட்டா போதும்டி" என்றாள் அம்மா. என்ன கலர் என்று கேட்டால், "சாம்பலும் இல்ல, பச்சையும் இல்ல, ஒரு மாதிரி."

அந்த 'ஒரு மாதிரி', டாஷ்போர்டுப் பெட்டி மூடியின் உட்புறத்தில் மட்டும் மிச்சமிருந்தது. எந்தப் பெயின்டரும் அங்கே கை வைக்கவில்லை. அதைப் பார்த்துச் சக்கர ரிம்களுக்கு முதலில், நிறப்பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங், அப்புறம் அதே நிறத்தில் பாடிக்குப் பெயின்ட். இதுதான் என் திட்டம். மூடியைக் கழற்றும்போது கீலில் ஒரு திருகு துருவேறி நகரவே இல்லை. எனக்கு எங்கே பொறுமை? கீலின் நடு ஆணியை உருவி மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து ரிம்களோடு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன்.

தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பின்தெருவில் கோட்டிங் ஷெட். ஷெட்டின் சூப்பர்வைசர் அண்ணன் அப்போது இல்லை. 'கலர் சாம்பிள்' என்று ஒரு சீட்டில் எழுதினேன். தொலைந்துவிடக்கூடாதே என்று மூடியின் ஓட்டையில் கம்பி விட்டு, சீட்டை இறுக்கிக் கட்டி, ரிம்களின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு ஜாக்கிரதை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஓடினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "பழைய பெயின்ட் ஒரு துளி இருந்தா கேளு மேடம். ரிம்மு, மூடி எல்லாம் கிளீன்."

மூடி என் கைக்கு வந்தது. வெறும் தகரம். திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் தகரம். மறுபடி திருப்பினேன், நிறம் எங்காவது ஒளிந்திருக்கும் என்பதுபோல.

"அண்ணே, இது சாம்பிள்."

"இன்னாது?"

"இதப் பாத்துதான் கலரே எடுக்கணும். வேற எங்கயும் இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. "கம்பி கட்டிக்கினு வந்துச்சே மேடம்."

"அது சீட்டு கட்டுன கம்பிண்ணே."

"சீட்டு தொட்டில கரைஞ்சிருக்கும். இங்க கம்பி இருந்தா அது தொட்டில மாட்டி எறக்குற பீஸு. நானே கம்பி மாட்டிக்கினு நின்னா என்னயும் எறக்கிருவானுங்கோ."

பெயின்டைத் தின்னும் தொட்டி அவருக்குப் பின்னால் சாதுவாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. போனில் மூடியின் படங்கள் இருந்தன. குண்டு பல்ப் வெளிச்சத்தில் எடுத்தது மஞ்சள், வெயிலில் எடுத்தது வெள்ளை, நிழலில் எடுத்தது நீலம். எதை நம்புவது?

அம்மாவிடம் அடுப்படியில் நின்று சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"சுத்தமா போச்சா?"

"சுத்தமா."

அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

காலையில் போய்க் காரில் உட்கார்ந்தேன். மூடி இருந்த இடம் பல் விழுந்த வாய்போல் திறந்து கிடந்தது. அதன் ஓரத்தில், அன்றைக்கு என்னைப் பாடாய்ப் படுத்திய துருவேறிய திருகு. திருகு பிடித்துவைத்திருந்த கீலின் மறுபாதி. எச்சில் தொட்டு அதைத் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு, சாம்பலும் இல்லை, பச்சையும் இல்லை. அதைக் கழற்றவில்லை. இனி எதையும் கழற்றுவதாக இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, வண்டியிடம் நீங்கள்தான் வரவேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோட்டிங் போட்ட சின்னச்சின்ன மாதிரித் தகடுகளை ஒரு பையில் கொண்டுவந்தார். கதவைத் திறந்துவைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்தோம். எட்டாவது தகட்டில் அவர் கை நின்றது. தகடு எங்கே முடிகிறது, கீல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"மேடம், இது கரண்ட் பொட்டி கலரு."

"இன்னாது?"

"பேனல் பாக்ஸ். டெய்லி இதான் ஓட்டிக்கினுருக்கோம். மூட்டை மூட்டையா கீது."

என் கம்பெனியில் தினமும் நான் சாய்ந்து நின்று டீ குடிப்பதே அந்தப் பெட்டிமேல்தான்.

அம்மா குனிந்து பார்த்தாள். பொட்டியாவது ஒன்றாவது, அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. தகட்டை வாங்கி முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். "இதான்" என்றாள்.

ரிம்களுக்குமுன் ஒரு பீஸ் போட்டுப் பார்க்கலாம் என்றார் அண்ணன். வெறும் தகரமாக, தயாராக, என்னிடம் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை ஷெட்டில் அந்த மூடிக்கு நானே கம்பி கட்டினேன்.